திருப்பி எறிந்த பந்து

பேஸ்போல் எனக்குக் காதால் வந்த விளையாட்டு. கனடாவில் மொன்றியலுக்கு வந்து பல வருடங்கள் வரைக்கும் ஒரு ஆட்டத்தைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் எங்கள் நகரத்து அணியைப் பற்றி யாராவது இளக்காரமாக ஒரு சொல் சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கிரிக்கெட் தெரிந்த எங்கள் ஆட்கள் என்னை நன்றாகவே நக்கலடிப்பார்கள். "உலக்கையாலை அடிக்கிற விளையாட்டு" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவர்களுக்குக் கேட்கத் தெரியாது, எனக்குத் தெரியும், அவ்வளவுதான் விஷயம்.

சென்ட் லோரன்டில் ஒரு மருந்துக் கம்பனியில், பொதி கட்டும் பகுதியில் எனக்கு வேலை. மத்தியானம் போனால் இருட்டிய பிறகு வருவேன். பெல்ட்டில் போத்தல்கள் வரும், நான் பெட்டியில் அடுக்குவேன், எனக்கு எதிரே நிற்பவள் மூடி டேப் ஒட்டுவாள். அவள் பிரெஞ்சு பேசும் கெபெக்காரி, என் வயதுதான் இருக்கும். டேப் சுருள்கள் வைக்கும் தட்டில் ஒரு சின்ன வானொலி வைத்திருந்தாள். ஏப்ரல் தொடங்கி இலைகள் நிறம் மாறும் வரைக்கும் அதில் ஒரே நிலையம், ஒரே விஷயம். அதை மாற்ற யாருக்கும் அனுமதியில்லை. மேற்பார்வையாளரே ஒருமுறை கேட்டுப் பார்த்துத் தோற்றுப்போனவர்.

முதல் கோடை முழுவதும் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. வர்ணனையாளர் பிரெஞ்சில், வயிறாரச் சாப்பிட்டு முடித்த மனிதர் போல ஆறுதலாகக் கதைப்பார். பிறகு சும்மா இருப்பார். அந்த இடைவெளியில் சனத்தின் இரைச்சல் மட்டும் கேட்கும். அதற்குள் மட்டையில் பந்து படும் சத்தம் ஒன்று வரும், உடனே எல்லாமே ஒரேயடியாக எழும்பும். பெல்ட்டின் ஓசைக்குள் அது வருவதும் போவதுமாக இருக்க, என் கை வேலை செய்யும், நான் அங்கே இருக்கமாட்டேன். அடுத்த கோடையில் சொற்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. டெப்பனேரில், அதாவது தெருமூலைக் கடையில், பால் கேட்கத் தெரியாத காலத்திலேயே, ஓடி மிதிக்கும் நாலு மூலைகளில் இரண்டாம் மூலைக்குக் களவாக ஓடியவன் அவுட் என்று பிரெஞ்சில் சொல்ல எனக்குத் தெரியும். அதைச் சொல்லிப் பால் வாங்க முடியாது என்பதுதான் பிரச்சினை.

மைதானத்தை நானே கட்டிக்கொண்டேன். கண்ணை மூடினால் நல்ல புல், நடுவில் மண், ஓரத்தில் வேப்பமரங்கள். அடித்தவன் மட்டையைக் கையில் பிடித்தபடி ஓடினான். வெயில் மட்டும் எப்போதும் யாழ்ப்பாணத்து நாலுமணி வெயில். வெளியே மழை பெய்தாலும், ஆட்டம் இரவு ஆட்டமாக இருந்தாலும், என்னுடைய மைதானத்தில் ஒருநாளும் இருட்டியதில்லை.

பழைய கதைகளை எதிரே நின்றவள்தான் சொன்னாள். நான் வருவதற்குக் கொஞ்சம் முந்திய ஒரு கோடையில் எங்கள் அணி எல்லா அணிகளுக்கும் முன்னுக்கு நின்றதாம். ஓகஸ்டில் ஆட்டக்காரருக்கும் முதலாளிமாருக்கும் இடையில் பிரச்சினை வந்து வேலைநிறுத்தம். மிச்ச ஆட்டங்கள் நடக்கவேயில்லை.

"தோற்றிருந்தாலும் பரவாயில்லை" என்றாள் டேப்பை இழுத்தபடி. "எங்களைத் தோற்கவும் விடவில்லையே."

பாதியில் நின்றுபோன விஷயங்களைப் பற்றி எனக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. போத்தலை அடுக்கினேன்.

இன்னொரு கதையும் சொல்வாள். வேறொரு நகரத்தில் நடந்த ஆட்டத்தில் எங்கள் பந்து எறிபவர் எதிரணியில் வந்த ஒருவரையும், மருந்துக்குக்கூட ஒருவரை, முதல் மூலையை மிதிக்க விடவில்லையாம். அதை அவள் சமையலறையில் பாத்திரம் கழுவியபடி கேட்டாளாம். இடையில் கையை எடுத்தால் அதிர்ஷ்டம் போய்விடும் என்று பயந்து குழாயைப் பூட்டாமலே நின்றாளாம். தொட்டி நிறைந்து நிலமெல்லாம் தண்ணீர். கடைசி ஆளும் அவுட்டான போது கணுக்கால் நனைந்து, அழுதுகொண்டு நின்றாளாம். அந்தக் கதையை அவள் எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுக்காது. அந்தத் தண்ணீரில் நானும் நின்றிருக்கிறேன் என்றே இப்போதும் நினைப்பு.

என் காதாலேயே கேட்டவையும் உண்டு. இந்த ஊரில் சனம் வருவதில்லை என்று, கடைசி இரண்டு வருடமும் எங்கள் சொந்த மைதானத்து ஆட்டங்களில் சிலதைத் தெற்கே வெப்பமான ஒரு தீவில் கொண்டுபோய் வைத்தார்கள். ஏப்ரல் மாதம். பொதி ஏற்றும் வாசலில் பழைய பனி கறுத்துப்போய்க் கிடந்தது. வானொலியில் மேளமும் விசிலும், தெரியாத பாஷையில் சனம் பாடுவதும். நாங்கள் வீட்டில் விளையாடுகிறோம் என்று வர்ணனையாளர் ஒரு கூச்சமும் இல்லாமல் சொன்னார். பனியைப் பார்த்துக்கொண்டு நான் கடற்காற்றைக் கேட்டேன். அந்தத் தீவு ஆட்டம் தொடங்கிய முதல் வருடமே, ஓகஸ்ட் கடைசியில், எட்டு ஓட்டங்கள் பின்னுக்கு நின்ற எங்கள் ஆட்கள் மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு வந்து வென்றார்கள். அன்றைக்கு நாங்கள் இருவரும் வேலையை மறந்து வாய் பிளந்து நின்றதில் பெல்ட்டின் முடிவில் போத்தல்கள் குவிந்து நிலத்தில் விழுந்தன. மேற்பார்வையாளர் ஓடிவந்து பெல்ட்டை நிறுத்தினார். ஏசப்போகிறார் என்று பார்த்தால், எத்தனைக்கு எத்தனை என்றுதான் கேட்டார்.

என் மகளும் எனக்குக் காதால் வந்தவள்தான். நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது அவள் தாயின் வயிற்றில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் யாழ்ப்பாணத்தில் ஒரு டெலிபோன் கடையில் தாயும் பிள்ளையும் காத்திருப்பார்கள், நான் இங்கிருந்து எடுப்பேன். முதலில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மழலை. பிறகு முழு வசனங்கள், ஒவ்வொரு வசனத்துக்கும் மூன்று அப்பா. "அப்பா, நான் இண்டைக்கு விழுந்திட்டன் அப்பா, ரத்தம் வந்தது அப்பா" என்று மூச்சுவிடாமல் சொல்வாள். அழைப்பு முடிந்த பிறகும் போனைக் காதில் வைத்துக்கொண்டு இருப்பேன். அந்த வெறும் இரைச்சலும் எனக்கு நன்றாகவே இருக்கும்.

அவர்களை இங்கே எடுப்பதற்கு வருடங்கள் ஓடிவிட்டன. எட்டு ஓட்டத்தை எடுத்து வென்ற அதே வருடம், இலை உதிரும் காலத்தில், இருவரும் வந்து இறங்கினார்கள். மகளுக்கு எட்டு வயது முடிந்திருந்தது. விமான நிலையக் கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாள், இன்னும் யாராவது வருகிறார்களா என்று.

அன்றிலிருந்து எனக்கு அந்த வீட்டில் முறை இல்லாமல் போனது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவரை முறை சொல்லிக் கூப்பிட மனம் வராவிட்டால் மொட்டையாகக் கதைப்பது. மருமகன் மாமனாரோடு கோபித்துக்கொண்டால் அப்படித்தான் கதைப்பார். என் மகள் அதில் கெட்டிக்காரி. "சாப்பிட வரட்டாம்" என்று கதவடியில் நின்று சுவருக்குச் சொல்வாள். சப்பாத்து நாடா இறுகிவிட்டால், பக்கத்தில் நிற்பது நானாக இருந்தாலும், "அம்மா, இதைக் கழட்டிவிடச் சொல்லுங்கோ" என்பாள். மரியாதைக் குறைவாக ஒரு சொல் இல்லை. அப்பா என்ற சொல் மட்டும் இல்லை. மனைவி நாள் முழுக்க "என்னப்பா, இஞ்சை வாங்கோப்பா" என்று என்னைக் கூப்பிடுவாள். எங்கள் ஊர்ப் பெண்கள் புருஷனைக் கூப்பிடுவதே அப்படித்தான். அது கணக்கில் வராது.

எனக்கு நெஞ்சு வலித்தது. கோபமும் வந்தது. பிள்ளையோடு கோபிக்க என்ன இருக்கிறது, ஆனாலும் வந்தது. ஒருநாள் ஒரு சொக்கிலேற்றை நீட்டி, "அப்பா எண்டு கூப்பிட்டால் தருவன்" என்றேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தன்பாட்டில் போய்விட்டாள். சொக்கிலேற் ஒரு கிழமை மேசையிலேயே கிடந்தது.

"உங்களுக்கு விசரே?" என்றாள் மனைவி. "உது கேட்டு வாங்கிற சாமானே? அவளுக்கு அப்பா எண்டால் போனுக்குள்ளை இருந்த ஆள். நீங்கள் வேறை ஆள். கொஞ்சம் பொறுங்கோ."

பொறுத்தேன். குளிர்காலம் வந்து போனது. அவள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தாள். பனி கரையும்போது என்னைவிட நன்றாகக் கதைத்தாள். என் பிரெஞ்சில் பேஸ்போல் மணம் அடிக்கும், அவளுடையதில் பள்ளிக்கூட முற்றத்து மணம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு அவள் சிரித்துக் கதைப்பதை ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்பேன். மறுபடியும் கேட்கிறவனாகவே இருந்தேன்.

அந்தக் கோடைதான் அணிக்கும் கடைசிக் கோடை. வேறு நகரத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்பது பெல்ட்டடியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எதிரே நின்றவள் ஒருநாள் என் சட்டைப் பைக்குள் இரண்டு டிக்கெட்டைத் திணித்தாள்.

"இத்தனை வருடம் என்னோடு கேட்டாய். அவர்கள் போக முன் ஒருமுறை போய்ப் பார். மகளையும் கூட்டிக்கொண்டு போ."

வீட்டில் சொன்னபோது மனைவிதான் முதலில் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது டிக்கெட் நான் வாங்குகிறேன் என்றேன்.

"வேண்டாம். நான் வந்தால் அவள் என்னோடைதான் கதைப்பாள். ரெண்டு பேரும் போட்டு வாங்கோ."

ஒரு ஞாயிறு மத்தியானம் போனோம். நகரத்தின் கிழக்கே, சாய்ந்த கோபுரத்தோடு நிற்கும் அந்தப் பெரிய கொங்கிறீற் மைதானத்துக்கு மெட்ரோவில் போனால் வெளியே தலைகாட்டாமலே உள்ளே போகலாம். நிலத்துக்குக் கீழே நடந்துகொண்டே இருந்தோம். மகள் என் கையைப் பிடிக்கவில்லை, சட்டை நுனிக்குப் பக்கத்தில் தன் கையை வைத்துக்கொண்டு வந்தாள். பிறகு ஒரு வாசல் திறந்தது, உள்ளே ஒரு பச்சை.

அது புல் இல்லை. கம்பளம். தலைக்கு மேலே வானம் இல்லை, மங்கலான வெள்ளைக் கூரை. வெயில் எங்கேயோ வெளியே நின்றது. இத்தனையாயிரம் கதிரைகளில் சனம் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. அடித்தவன் மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறுங்கையோடு ஓடினான். யாரோ வெறுங்கதிரைகளின் இருக்கைப் பலகையை அடித்து அடித்துச் சத்தம் எழுப்பினார்கள். அந்தச் சத்தம் கூரைவரைக்கும் போய், சாவகாசமாகத் திரும்பி வந்தது. வானொலியில் நான் சனத்தின் ஆரவாரம் என்று நினைத்ததில் பாதி இந்தக் கதிரைகள்தான்.

இதுவா அது என்று எனக்கு ஒருமாதிரிப் போய்விட்டது. ஒரு பிழையும் சொல்ல முடியாது. சத்தம் அதே சத்தம், ஆட்டம் அதே ஆட்டம். ஆனால் என்னுடைய மைதானம் எங்கே, என்னுடைய வேப்பமரம் எங்கே? என்னை அறியாமல் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தேன், அது வேறெங்காவது இருக்கிறதா என்று. பார்த்த பிறகுதான் விமான நிலையத்தில் என் பிள்ளை ஏன் அப்படிப் பார்த்தாள் என்று விளங்கியது. அந்த இடத்திலேயே என் கோபம் வடிந்துபோனது. பாவம், என் குஞ்சு எத்தனை மாதமாக இந்தக் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள்.

பிறகு ஆட்டத்தோடு மெல்ல ஒட்டிக்கொண்டேன். நாங்கள் மூன்றாம் மூலைப் பக்கம் கீழ்வரிசையில் இருந்தோம். எங்களைச் சுற்றியிருந்த பிள்ளைகள் எல்லாம் கையில் தோல் கையுறை போட்டிருந்தன. சும்மா அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். மகள் சோளப்பொரியை ஒவ்வொன்றாகத் தின்றபடி, முழங்கையை மடியில் ஊன்றி, எதுவும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் பால் போல எங்கும் ஒரே அளவாக இருந்தது. நேரம் நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை.

அப்போது எங்கள் அணிக்காரன் ஒருவன் அடித்த பந்து மட்டை விளிம்பில் பட்டு, முன்னுக்குப் போகாமல் பக்கவாட்டில் மேலே எழும்பியது. கூரையின் வெள்ளைக்குள் காணாமல் போனது. சனம் எழும்பியது. நானும் எழும்பினேன். பிறகு அது வந்தது, எனக்கென்றே வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் நல்ல பீல்டர். இரண்டு கையையும் கிண்ணமாக்கி, பந்தோடு கையை நெஞ்சுக்குப் பின்வாங்கி, சுத்தமாகப் பிடித்தேன். உள்ளங்கை நெருப்பாக எரிந்தது. சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். முன்வரிசை மனிதர் ஒருவர் இரண்டு கையையும் தூக்கி எனக்கு வாழ்த்துச் சொன்னார். வெறுங்கையால் பிடித்தான் என்று யாரோ கத்தினார்கள்.

நான் எறிந்துவிட்டேன்.

யோசித்து எறியவில்லை. பந்து கைக்கு வந்தால் அடுத்த மூச்சில் கையை விட்டுப் போகவேண்டும். கிரிக்கெட்டில் பார்க்க வந்தவன் பிடித்தாலும் பந்து மைதானத்துக்குத்தான் சொந்தம். எங்கள் ஒழுங்கையிலோ, சண்டைக் காலத்தில், இருந்ததே ஒரு டென்னிஸ் பந்து. அடுத்த வளவுக்குள் விழுந்தால் வீட்டுக்காரர் தாறுமாறாக ஏசுவார், ஏசிக்கொண்டே திருப்பி எறிவார். பந்தை வைத்துக்கொள்கிறவன் மனிசனே இல்லை. அதனால் நான் மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்தவனுக்குக் குறிவைத்து, தோள் மூட்டு கழலும் அளவுக்கு எறிந்தேன். ஒருமுறை குத்தி நேரே அவன் காலடிக்குப் போனது. அத்தனை வருடத்துக்குப் பிறகும் கை மறக்கவில்லை என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. கைதட்டலுக்குக் காத்துக்கொண்டு நின்றேன்.

ஒரு சத்தமும் இல்லை. நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் பார்த்தார். பந்தை எடுத்தவனும் பார்த்தான். பிறகு சனம் ஊளையிடத் தொடங்கியது. அந்தக் கூரைக்குக் கீழே ஊளை என்றால் அப்படி ஒரு ஊளை. கையுறை போட்ட பிள்ளைகள் என்னை ஒரு பிராணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தன. என்ன பிழை விட்டேன் என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை.

வாசலில் நின்ற மைதானக் காவலர் படியிறங்கி வந்தார். வயதான மனிதர். உள்ளே எதையும் எறியக்கூடாது, எறிந்தவரை வெளியே அனுப்ப வேண்டும் என்றார். குடித்திருக்கிறீர்களா என்றும் கேட்டார். எனக்கு அவருக்குப் பதில் சொல்லுமளவு பிரெஞ்சு வரும். ஆனால் வாய் வரவில்லை. பிள்ளையின் முன்னால் இப்படியாயிற்றே என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. இனி ஒருநாளும் என்னைக் கூப்பிடமாட்டாள் என்று நிச்சயமாக நினைத்தேன்.

காவலர் குனிந்து மகளிடம் கேட்டார். "இவர் யார் உனக்கு?"

அவள் எழும்பி நின்றாள். சோளப்பொரிப் பெட்டியைக் கதிரையில் வைத்தாள். பள்ளிக்கூட முற்றத்துப் பிரெஞ்சில், தெளிவாக, "இவர் என் அப்பா" என்றாள்.

பிறகு என்னைப் பாராமலே தொடர்ந்தாள். "குடிக்கவில்லை. எங்கள் நாட்டில் பந்து வந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். எல்லோரும் கொடுப்பார்கள். இங்கே வேறு மாதிரி என்று அவருக்குத் தெரியாது."

அவ்வளவு பெரிய மைதானத்தில், நான் ஏன் எறிந்தேன் என்று விளங்கிய ஒரே ஆள் அவள்தான். என் மனைவி வந்திருந்தால்கூட விளங்கியிருக்குமோ தெரியாது. மகள்தான் ஒழுங்கையில் பந்து எறிவதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவள். காவலர் தலையைச் சொறிந்தார். இங்கே பிடித்தவருக்குத்தான் பந்து சொந்தம், வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று எனக்கு மெதுவாகச் சொன்னார். இனி எறியவேண்டாம் என்று தோளில் தட்டிவிட்டுப் படியேறிப் போனார்.

மிச்ச ஆட்டம் எனக்கு நினைவில்லை. தோற்றோம் என்று நினைக்கிறேன். மகளின் முகம் இறுகியிருந்தது. அப்பா என்றது காவலருக்காகச் சொன்ன சொல், அலுவலகத்தில் கேட்டால் உறவு சொல்வதில்லையா, அப்படி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிரெஞ்சில் சொன்னதை வைத்துக்கொண்டு ஆசைப்படக்கூடாது என்றும் சொன்னேன். ஆசை கேட்கவில்லை.

மெட்ரோவில் ஏறி இருந்தோம். ஒருமுறை மாறி ஏறினோம். அவள் ஜன்னலுக்கு வெளியே, ஒன்றும் தெரியாத இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி வழியில் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது.

"ஏன் எறிஞ்சனீங்கள்?"

"எனக்குத் தெரியாதெல்லே, பிள்ளை."

"எங்களுக்குப் பின்னுக்கு இருந்த பெடியன் கையுறை போட்டுக்கொண்டு வந்தவன். ஏன் வந்தவன் அப்பா? பந்து பிடிக்கத்தானே வந்தவன்? அவனுக்குக் கிடைக்கேல்லை. எங்களுக்குக் கிடைச்சது. நாங்கள் வீட்டை கொண்டுபோயிருக்கலாம். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டியிருப்பன். எங்கடை அப்பா வெறுங்கையாலை பிடிச்சவர் எண்டு சொல்லியிருப்பன்."

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள்.

"அப்பா, நீங்கள் எறியேக்கை என்னைப் பாத்தனீங்களோ?"

"இல்லை, குஞ்சு."

"நான் கையை நீட்டிக்கொண்டு நிண்டனான் அப்பா."

அவள் அழுதாள். அழுதுகொண்டே ஏசினாள். ஒரு வசனத்துக்கு மூன்று அப்பா. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வண்டி நின்றது, எங்கள் ஸ்டேஷன். கதவு திறந்தது. ஆட்கள் இறங்கினார்கள். நான் எழும்பவில்லை. கதவு மூடியது.

"அப்பா, எங்கடை ஸ்டேஷன் போட்டுது."

"போகட்டும்" என்றேன். "நீ ஏசு."